வாயசைத்த பிள்ளை

கூட்டமாகப் பாடும் பிள்ளைகளிடையே ஒரு பிள்ளை மட்டும் பாடாமல் இருந்துவிட்டால் அதனைக் கண்டுபிடிப்பது அரிது. வாய் திறந்து மூடும். கண்கள் நெறியாளரை நோக்கும். தலை தாளத்திற்கேற்ப அசையும். கேட்பவர் செவிக்கு இருபது குரலும் ஒன்றே, பத்தொன்பது குரலும் ஒன்றே. பாடலுக்கு அதனால் குறையொன்றும் நேர்ந்துவிடாது. குறை நேர்வது வேறோர் இடத்தில். மாசாயில் பிள்ளைகளுக்குப் பாடல் கற்பித்து வரும் ஆசிரியை ஒருவர் இதனைத் தம் வாழ்நாளில் இருமுறை அறிந்தார். முதன்முறை பிள்ளையாக, மறுமுறை ஆசிரியையாக.

ஜோகூர் பாருவுக்குக் கிழக்கே, பாசிர் கூடாங் செல்லும் வழியில் உள்ள ஊர் மாசாய். ஒரு காலத்தில் சுற்றிலும் ரப்பர்த் தோட்டங்கள் இருந்தன. 1977-இல் பாசிர் கூடாங் துறைமுகம் செயற்படத் தொடங்கிய பின்னர் தொழிற்சாலைகள் பெருகின. பால்மரங்கள் நின்ற இடங்களில் தாமான்கள் எழுந்தன. லயத்து வீடுகளில் பிறந்தவர்கள் தாமான் வீடுகளுக்கும் அடுக்குமாடிகளுக்கும் குடிபெயர்ந்தார்கள். அவர்களோடு அவர்களின் தெய்வங்களும் குடிபெயர்ந்தன. தோட்டத்துச் சிற்றாலயத்தில் மண்ணெண்ணெய் விளக்கொளியில் பாடியவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று கடைவீட்டு மாடியொன்றில், மின்விசிறியின் கீழ் நின்று பாடுகிறார்கள்.

அந்த மாடியில்தான் 2024-ஆம் ஆண்டின் கிறிஸ்துமஸ் இன்னிசை விழாவுக்கு ஒத்திகை நடந்தது. பிள்ளைகள் இருபத்து மூவர். ஏழு வயது முதல் பதின்மூன்று வயது வரை. நெறியாளர் அந்த ஆசிரியை, அறுபதைக் கடந்தவர், ஓய்வு பெற்றவர். ஓர் ஆர்மோனியமும் பழைய கீபோர்டு ஒன்றும் அவர் துணை.

பிள்ளைகளை ஒன்றுசேர்ப்பதே முதல் வேலையாயிற்று. முன்னாளில் நவம்பர் நடுவிலேயே ஆண்டிறுதி விடுமுறை தொடங்கிவிடும். டிசம்பர் முழுவதும் பிள்ளைகள் கைவசம் இருப்பார்கள். 2022-இல் பள்ளி ஆண்டு மார்ச்சுக்குத் தள்ளிப்போனதால் அப்போது டிசம்பரும் படிப்பு மாதமாயிருந்தது. ஜோகூரில் இன்னொரு சிக்கலும் இருந்தது. 2014 முதல் 2024 முடிய அம்மாநிலத்தின் வார விடுமுறை வெள்ளியும் சனியுமே. ஞாயிற்றுக்கிழமை பள்ளி நாள், வேலை நாள். ஞாயிறன்று ஆலயத்திற்கு வருபவர்கள் சீருடையைக் களையாமலே மாலையில் வந்து சேர்ந்த காலம் அது. ஆகவே ஒத்திகை சனிக்கிழமை பிற்பகலுக்கு ஒதுக்கப்பட்டது. அந்த நேரத்திலும் பெற்றோரில் பலர் ஊரில் இருப்பதில்லை. விடியுமுன் எழுந்து, 1924-இல் திறக்கப்பட்ட ஜோகூர் பாலத்தைக் கடந்து சிங்கப்பூருக்கு வேலைக்குச் சென்று, இரவு திரும்புகிறவர்கள் அவர்கள். பாட்டிமாரும் அத்தைமாரும் பிள்ளைகளை அழைத்து வந்தார்கள். டிசம்பர் மழை ஒவ்வொரு வாரமும் யாரையாவது தடுத்து நிறுத்தியது.

வந்தவர்களுக்கு முதலில் மூச்சுப் பயிற்சி. தோளைத் தூக்காமல் வயிறு விரிய மூச்சிழுத்து, நான்கு எண்ணும்வரை நிறுத்தி, எட்டு எண்ணும்வரை மெல்ல விடவேண்டும். பாசிர் கூடாங் பிள்ளைகளுக்கு மூச்சின் அருமையை யாரும் சொல்ல வேண்டியதில்லை. 2019 மார்ச்சில் கிம் கிம் ஆற்றில் கொட்டப்பட்ட இரசாயனக் கழிவிலிருந்து கிளம்பிய நச்சுக்காற்று ஆயிரக்கணக்கானோரை மருத்துவமனைக்கு அனுப்பியது. அவ்வட்டாரத்தின் 111 பள்ளிகள் மூடப்பட்டன. குழுவின் மூத்த பிள்ளைகள் அப்போது ஏழெட்டு வயதினர். அடுத்த ஆண்டே பெருந்தொற்று வந்தது. கூடிப் பாடுவதே ஆபத்து என்று ஆயிற்று. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் 2020 மார்ச்சில் நடந்த ஒரே ஒரு பாடற்குழு ஒத்திகையில் கலந்துகொண்ட 61 பேரில் 53 பேர் நோயுற்றதும் இருவர் இறந்ததும் உலகெங்கும் செய்தியாயின. இவற்றையெல்லாம் கடந்துவந்த பிள்ளைகள் ஒரே அறையில் சேர்ந்து மூச்சிழுப்பதே ஒரு நன்றிப்பாடல் என்று ஆசிரியை சொல்வதுண்டு.

பாடல்கள் நான்கு வகை. ஒன்று கீர்த்தனை. தமிழ்க் கிறித்தவர்களின் இசையில் நெடுங்காலமாகவே இரண்டு ஓடைகள் ஓடுகின்றன. 1706-இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்க் வழியே ஜெர்மானிய மெட்டுகள் தமிழ்ச் சொற்களைத் தாங்கி வந்தன, அவை ஞானப்பாட்டுகள். தமிழ் மண்ணின் இராகமும் தாளமும் கொண்டு எழுந்தவை கீர்த்தனைகள். பின்னதற்குப் பெருந்தந்தை எனத்தக்கவர் வேதநாயகம் சாஸ்திரியார். 1774-இல் பாளையங்கோட்டையில் பிறந்து, பன்னிரண்டு வயதளவில் சுவார்ட்ஸ் ஐயரால் தஞ்சைக்கு அழைத்துச் செல்லப்பட்டு, பிற்காலத்தில் மன்னரான சரபோஜியோடு பழகி வளர்ந்து, 1864-இல் மறைந்தவர். பெத்லகேம் குறவஞ்சியின் ஆசிரியர். அவர் பாடலாசிரியர் மட்டுமல்லர், பள்ளியாசிரியரும் ஆவார். இரண்டாவது ஒரு ஞானப்பாட்டு. மூன்றாவது, ஊரறிய ஒரு மலாய்ப் பாடல். நான்காவது, உலகமெல்லாம் பாடும் அமைதி இரவுப் பாடல். அதுவும் ஓர் ஆசிரியரின் கைப்பட்டதே. 1818 டிசம்பர் 24 அன்று, சால்ஸ்பர்க்குக்கு அருகிலுள்ள ஓபெர்ன்டார்ஃப் ஆலயத்தில், உதவிக்குரு ஜோசப் மோர் எழுதிய வரிகளுக்கு மெட்டமைத்துத் தந்த பிரான்ஸ் குரூபர் ஒரு சிற்றூர்ப் பள்ளியாசிரியர். இரண்டு குரல், ஒரு கித்தார், அடிகளின் இறுதியைத் திரும்பப் பாட ஒரு குழு. அவ்வளவே அன்றைய கச்சேரி.

தமிழ்ப் பாடல்களில்தான் தொல்லை மிகுந்தது. பிள்ளைகளில் பாதிப்பேர் தமிழ்ப்பள்ளியில் பயில்பவர்கள் அல்லர். அவர்களுக்குப் பாடல் ரோமன் எழுத்தில் தட்டச்சாகிக் கைத்தொலைபேசியில் வந்து சேர்கிறது. அந்த எழுத்தில் லகரமும் ளகரமும் ழகரமும் ஒரே உருவில் நிற்கும். "வாழ்த்து" என்பதைப் பிள்ளைகள் "வால்த்து" என்றே பாடினார்கள். ஆசிரியை வெண்பலகையில் "வாழ்" என்றும் "வால்" என்றும் எழுதி, இரண்டாவதன் பக்கத்தில் ஒரு குரங்கின் படம் வரைந்தார். அறை சிரிப்பில் அதிர்ந்தது. அன்றுமுதல் ஒத்திகையின் முதல் பத்து நிமிடம் எழுத்துப் பாடமாயிற்று. கிறிஸ்துமஸ் வருவதற்குள் ஏழு பிள்ளைகள் தங்கள் பெயரைத் தமிழில் எழுதக் கற்றுக்கொண்டார்கள். விழா நிகழ்ச்சிநிரலில் இதற்கு இடமில்லை.

அந்த இருபத்து மூவரில் ஒரு பையன். வயது பத்து. தந்தை சிங்கப்பூரில் வேலை. தாய் பாசிர் கூடாங்கில் ஒரு தொழிற்சாலையில். எல்லாருக்கும் முன்னே வருபவனும் அவனே. நாற்காலிகளை அடுக்குபவனும் அவனே. வரிகளை முதலில் மனனம் செய்தவனும் அவன்தான். பாடும்போது முகம் மலர, நெஞ்சு நிமிர, அறை நிறையப் பாடுவான். குரல் மட்டும் மெட்டில் நில்லாது. மற்றவர்கள் ஏறும்போது அவன் பாதி வழியில் நின்றுவிடுவான். அவர்கள் இறங்கும்போது அவன் அதற்கும் கீழே போய்விடுவான்.

வேற்றூர்ச் சபைகளிலிருந்தும் விருந்தினர் வருவதாக இருந்தது. விழாவுக்கு நான்கு வாரம் இருக்கையில் சபை மூப்பர் ஒருவர் ஒத்திகையைக் கேட்டுவிட்டு, படியிறங்கும்போது, "எல்லாம் நல்லாத்தான் இருக்கு, டீச்சர். ஒரு குரல் மட்டும் தனியாக் கேக்குது. கொஞ்சம் பாத்துக்குங்க" என்றார். தீய எண்ணத்தோடு சொன்னவர் அல்லர். அன்று வெளியே கனத்த மழை. கீபோர்டில் ஒரு கட்டை ஒட்டிக்கொண்டு எழவில்லை. ஆசிரியைக்குக் காலையிலிருந்தே தலைவலி. அடுத்த வாரம் பாடல் மூன்றாம் முறையும் குலைந்தபோது, அவர் அந்தப் பையனைத் தனியே அழைத்து, அன்பான குரலில்தான், "தம்பி, நீ கொஞ்சம் மெதுவாப் பாடு. வாயை மட்டும் அசைச்சாலும் போதும்" என்றார்.

பையன் "சரி டீச்சர்" என்று தலையசைத்துவிட்டுப் போய்த் தன் இடத்தில் நின்றான்.

சொல்லிய பிறகுதான் அந்தச் சொல் யாருடையது என்பது ஆசிரியைக்கு நினைவு வந்தது.

எழுபதுகளின் தொடக்கம். ஒரு ரப்பர்த் தோட்டத்துச் சிற்றாலயம். அவருக்கு அப்போது வயது ஒன்பது. கிறிஸ்துமஸ் பாடலுக்கு அம்மா வாங்கித் தந்த வெள்ளைச் சட்டை. முழங்காலில் பால்வாளி பட்ட தழும்பு. பாடல் பழக்க வந்த பெரியவர் ஒருவர் வரிசையாக எல்லாரையும் பாடச் சொல்லிக் கேட்டுக்கொண்டே வந்தார். அவர்முன் வந்ததும் நின்றார். "நீ உதட்டை மட்டும் அசை, பாப்பா" என்றார். அவ்வளவே. திட்டவில்லை, விலக்கவும் இல்லை. சிறுமி உதட்டை அசைத்தாள். அம்மா முன்வரிசையில் அமர்ந்து பெருமையோடு கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வீடு திரும்பும் வழியில், "நீ பாடுனது எனக்குத் தனியாக் கேட்டுச்சு" என்றாள். சிறுமி மறுமொழி சொல்லவில்லை. அம்மா மறையும்வரையிலும் சொல்லவில்லை.

அடுத்த சனிக்கிழமை பையன் வழக்கம்போல் முதல் ஆளாக வந்தான். நாற்காலிகளை அடுக்கினான். பாடத் தொடங்கியதும் குழு ஒன்றுபட்டு ஒலித்தது. குலைவில்லை, பிசிறில்லை. பிள்ளைகளே வியந்து ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். வாசலில் நின்ற பாட்டிமார் கைதட்டினார்கள். பையன் நடுவரிசையில் நின்று, முகம் மலர, நெஞ்சு நிமிர, ஓசையே இல்லாமல் பாடிக்கொண்டிருந்தான். உதடுகள் ஒவ்வோர் எழுத்துக்கும் பழுதின்றி அசைந்தன. "வாழ்த்து" வரும் இடத்தில் நா மடிந்து ழகரத்தைத் தொட்டு மீண்டது தெரிந்தது. வராதது குரல் ஒன்றே.

மாலையில் அவனை அழைத்துப்போக வந்த தாய், "டீச்சர் சொன்னாங்கன்னு தினமும் கண்ணாடி முன்னால நின்னு பழகுறான். சத்தமே வராது. நல்லா செய்யுறானா டீச்சர்?" என்று கேட்டாள்.

ஆசிரியையால் அப்போது ஒன்றும் கூற முடியவில்லை.

தமிழில் சேர்ந்திசை என்றவுடன் நினைவுக்கு வரும் பெயர் எம்.பி.சீனிவாசன். 1925-இல் பிறந்தவர். 'பாதை தெரியுது பார்' என்ற 1960-ஆம் ஆண்டுத் திரைப்படத்துக்கும் மலையாளத் திரைப்படங்கள் பலவற்றுக்கும் இசையமைத்தவர். திரைத்தொழிலாளர் சங்கங்களை அமைப்பதில் முன்னின்றவர். 1971-இல் சென்னை இளைஞர் சேர்ந்திசைக் குழுவைத் தொடங்கினார். ஒற்றைக் குரலில் பாடியே பழகிய நாட்டில், பாரதியின் பாடல்களைப் பல குரல்கள் பல நிலைகளில் இணைந்து பாடுமாறு அமைத்தார். இசையை முறையாகப் பயின்றவர்களை மட்டும் தேடி அவர் குழுவை நிரப்பவில்லை. பின்னர் பள்ளிப் பிள்ளைகளை ஆயிரக்கணக்கில் ஒன்றுதிரட்டிப் பல மொழிகளில் பாட வைத்தார். 1988 மார்ச் 9 அன்று லட்சத்தீவில் அவர் மாரடைப்பால் மறைந்தார். அங்கே அவர் சென்றிருந்தது மாணவர் சேர்ந்திசைக்காகவே. ஆயிரம் பிள்ளைகள் பாடுமிடத்தில் சுருதி சேராத குரல்கள் எத்தனை இருந்திருக்கும்! அவற்றையெல்லாம் வாயசைக்கச் சொல்லியிருந்தால் ஆயிரம் பேர் கூட்டம் எதற்கு? சேர்ந்திசை என்ற சொல்லில் முதலில் நிற்பது இசையன்று, சேர்தல்.

சுருதி சேராமை பெரும்பாலும் செவியின் குற்றமும் அன்று. சுர வேறுபாட்டையே உணர முடியாத பிறவிக் குறை உடையோர் நூற்றுக்கு நால்வருக்கும் குறைவு என்கிறார்கள் ஆராய்ந்தவர்கள். மற்றப் பிள்ளைகளுக்கு நேர்வது வேறு. பேச்சுக்குரலிலேயே பாடிப் பழகியவர்கள் தங்கள் குரலின் மேல்மாடிக்குப் படி இருப்பதை அறியாமல் கீழ்த்தளத்திலேயே நின்றுவிடுகிறார்கள். கத்திப் பாடும் பிள்ளைக்குப் பக்கத்துக் குரலும் கேட்பதில்லை. இதற்கு மருந்து உண்டு. பொறுமை வேண்டும், நேரம் வேண்டும். ஆசிரியைக்கு இது தெரியாததன்று. தெரிந்தும் சொல்லிவிட்டார் என்பதே அவரை வருத்தியது.

அடுத்த வாரம் பையனை ஒரு மணி நேரம் முன்னதாக வரச்சொன்னார். கீபோர்டின் அருகில் அமர்த்தி, "அன்னைக்கு நான் சொன்னது தப்பு, தம்பி" என்றார்.

"பரவால்ல டீச்சர். இப்ப நல்லாப் பழகிட்டேன்" என்றான் பையன்.

அந்த மறுமொழியைத் தாங்கிக்கொள்ளச் சற்று நேரம் ஆயிற்று. பிறகு ஆசிரியை, "நீ என் சுரத்தைத் தேட வேண்டாம். நீ பாடு, நான் உன்னைத் தேடி வர்றேன்" என்றார். பையன் தயங்கித் தயங்கி ஒரு சுரம் பிடித்தான். ஆசிரியை கட்டைகளில் தேடி, அவன் நின்ற இடத்தைக் கண்டு, அதனையே வாசித்தார். தன் குரலும் வாத்தியமும் ஒன்றாகும் ஓசையை அவன் முதன்முதலாகக் கேட்டான். கண்கள் விரிந்தன. அங்கிருந்து அரைச்சுரம் அரைச்சுரமாக, மின்தூக்கி ஏறுவதுபோல் ஊளையிட்டுக்கொண்டே மேலே ஏறினார்கள். பாடல் நின்ற இடம் அவன் நின்ற இடத்துக்கு ஐந்து சுரம் மேலே என்பது தெரியவந்தது. அன்று மூன்று சுரம் ஏறினான்.

மீதியை ஆசிரியை இறங்கி வந்தார். ஐந்து கட்டையில் பாடிய கீர்த்தனையை மூன்று கட்டைக்குத் தாழ்த்தினார். சிறுமிகள் இருவருக்கு இது பிடிக்கவில்லை. உச்சத்தில் பாடும்போதுதான் தங்கள் குரல் மின்னும் என்பது அவர்கள் எண்ணம். அவர்கள் முறையீட்டிலும் நியாயம் இருந்தது. ஞானப்பாட்டைப் பழைய சுருதியிலேயே விட்டுவைத்தார். பையனை, சுருதி பிசகாத இரண்டு பிள்ளைகளுக்கு நடுவில் நிறுத்தினார். "உன் குரலைவிடப் பக்கத்துக் குரல் கொஞ்சம் அதிகமாக் கேக்கணும். அப்படிப் பாடு" என்று ஒரே விதி வைத்தார். பையன் முதல் நாள் காற்றளவே பாடினான். கண்ணாடியின் முன் வருந்திக் கற்ற மௌனம் எளிதில் கலையவில்லை. பாடலைத் திருத்துவதைவிட, "பாடு" என்ற சொல்லை அவன் மீண்டும் நம்பச் செய்வதே கடினமாயிருந்தது.

டிசம்பர் 21, சனிக்கிழமை மாலை. மழை விட்டிருந்தது. மாடிப்படி முழுவதும் செருப்புகள். விருந்தினர் அமர இடமின்றிச் சன்னலோரம் நின்றார்கள். பையனின் தந்தை வேலை முடிந்து பாலத்தைக் கடந்து, தோளில் தொங்கிய பையைக்கூட இறக்கி வைக்காமல் கடைசி வரிசைக்கு வந்து சேர்ந்தார். கீர்த்தனை மூன்று கட்டையில் எழுந்தது. இருபத்து மூன்று குரல்களும் இருந்தன. ஞானப்பாட்டில், மெட்டு உயரும் இடத்தில், ஒரு குரல் மற்றவற்றோடு ஏறி, கால் தவறி, கீழே இறங்கிற்று. பக்கத்துக் குரலைக் கேட்டு நிதானித்து, அடுத்த அடியில் மீண்டும் வந்து சேர்ந்துகொண்டது.

நிகழ்ச்சி முடிந்ததும் மூப்பர் வந்து பாராட்டினார். பிறகு தாழ்ந்த குரலில், "நடுவில ஒரு குரல் கொஞ்சம் கீழ இறங்கிடுச்சே, டீச்சர்" என்றார்.

"ஆமாங்க ஐயா. போன மாசம் அந்தக் குரலே இல்லை" என்றார் ஆசிரியை.

மூப்பர் அவரைச் சற்று நேரம் பார்த்தார். பின்னர் பையனைத் தேடிச் சென்று, அவன் தலையில் கைவைத்து ஏதோ கூறினார்.

இறுதிப் பாடல் ஒன்று எஞ்சியிருந்தது. வந்தோர் அனைவரும் சேர்ந்து பாட வேண்டிய அமைதி இரவுப் பாடல். விளக்குகள் அணைக்கப்பட்டன; மெழுகுவத்திகள் கைக்குக் கை ஏற்றப்பட்டன. ஆசிரியை பிள்ளைகளின் முன்னே நின்று கையை உயர்த்தினார். நெறியாளர் என்பவர் பாடுவதில்லை. பிள்ளைகள் வரியை மறவாதிருக்க எதிரே நின்று வாயை மட்டும் அசைத்துக் காட்டுவார். அவரும் இத்தனை ஆண்டுகளாக அதைத்தான் செய்து வந்தார். வாத்தியத்தில் வாசித்துக் காட்டுவாரேயன்றி, முழுக் குரலெடுத்துப் பாடிக் காட்டியதை யாரும் கேட்டதில்லை. தோட்டத்துச் சிற்றாலயத்தில் கற்ற பாடத்தை அவர் ஐம்பது ஆண்டுகளாக ஒப்பித்து வந்திருக்கிறார் என்பது அந்த மெழுகுவத்தி ஒளியில்தான் அவருக்கே விளங்கிற்று.

பையன் நேர் எதிரே நின்றான். அவனும் வாயசைப்பின் நுட்பம் அறிந்தவன். ஆசிரியையின் உதடுகளையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தான். பாடல் தொடங்கிய சிறிது நேரத்தில் அவன் முகம் மலர்ந்தது. பக்கத்துப் பிள்ளையை முழங்கையால் மெல்ல இடித்தான். முன்வரிசைப் பிள்ளைகள் ஒவ்வொருவராக நிமிர்ந்து பார்த்தார்கள். கூட்டம் முழுவதும் பாடிக்கொண்டிருந்ததால் பின்னால் இருந்தவர்களுக்கு வேறுபாடு ஒன்றும் தெரியவில்லை.